லார்க்கை இழுத்துக்கிட்டுப் போன அன்னிக்கு

கொஞ்ச நாளாச்சு. இன்னும் எனக்குக் கை நடுக்கம் நிக்கல. டீ ஊத்துனா பாதி சாசர்ல போகுது. கால்வாய்லயே பொறந்து கால்வாய்லயே தலை நரைச்சவ நான். எத்தனையோ படகு முங்குறதைப் பார்த்திருக்கேன், மனுஷன் முங்குறதையும் பார்த்திருக்கேன். அதுக்கெல்லாம் நடுங்கல. இதுக்கு நடுங்குது.

முதல்லருந்து சொல்றேன். என் அண்ணன் ஹொரேஸ் போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டான். எரிச்ச சாம்பலை அவன் பொண்டாட்டி மேவிஸ் வாங்கி வீட்ல வெச்சுக்கிட்டா. ஊதா கலர்ல ஒரு பிளாஸ்டிக் ஜாடி, டிவிக்குப் பக்கத்துல. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஏன்னா ஹொரேஸுக்குன்னு எங்கம்மா பக்கத்துல ஒரு இடம் காத்துக்கிட்டு இருக்கு. எங்கம்மா சாகுற வரைக்கும் ஒரு வீட்ல குடியிருந்ததில்ல. சரக்குப் படகோட பின்பக்கம் அலமாரி மாதிரி ஒரு அறை, அதுலதான் எங்க ரெண்டு பேரையும் பெத்து வளர்த்தா. நிலத்துல அவளுக்குன்னு கிடைச்ச ஒரே இடம் ஹேசல்கோட் சர்ச்சுக்குப் பின்னாடி இருக்குற அந்தக் குழிதான். "பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டு வைங்க, ஹொரேஸை எங்கிட்ட கொண்டாந்து போடணும்"னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் கண்ணை மூடுனா. என்னை எங்க போடணும்னு ஒரு வார்த்தை சொல்லல, அது வேற கதை.

மேவிஸ்கிட்ட கேட்டேன். தர மாட்டேன்னுட்டா. கெஞ்சிக் கேட்டேன், கத்திக் கேட்டேன், கிறிஸ்துமஸுக்குக் கேக் சுட்டு எடுத்துட்டுப் போயும் கேட்டேன். கேக்கைச் சாப்பிட்டுட்டு மாட்டேன்னுட்டா.

அப்புறம் லார்க் விஷயம் வந்துச்சு. லார்க் ஒரு பழைய மரப் படகு, ஏழடி அகலம், எழுபதடி நீளம், ஒரு காலத்துல கரி ஏத்துனது. ஹொரேஸ் அதை யாரோ தூக்கிப் போட இருந்த நேரத்துல வாங்கிட்டு வந்து, பழைய துறையில கட்டிப் போட்டு, செதுக்கிச் சரி பண்ணி அதுலயே குடியேறப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அதுக்குள்ள நோய் வந்துடுச்சு. படகு சேத்துல உக்காந்துடுச்சு. இப்போ அந்தத் துறையை யாரோ ஃப்ளாட் கட்ட வாங்கிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள எடுக்காத படகை கிரேன்ல தூக்கி உடைச்சுப் போடுவோம்னு அறிவிப்பு ஒட்டிட்டாங்க. ரஸ்ஸல்னு ஒரு படகு ஆசாரி, அவன் பட்டறையில லார்க்கை வெச்சுச் சரி பண்ணித் தர்றேன்னு சொல்லிட்டான். ஆனா அங்க கொண்டு போய்ச் சேர்க்கணுமே! லார்க்ல இன்ஜின் கிடையாது. மேவிஸ் ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டுப் பார்த்திருக்கா. இத்துப்போன மரப் படகை இழுக்க எவன் வருவான்? கடைசியில என் படகுக் கதவைத் தட்டுனா.

"டோரீன், நீதான் இழுத்துட்டுப் போகணும்."

"ஹொரேஸைக் கொடு, இழுக்குறேன்" அப்படின்னேன்.

"சரி. ரஸ்ஸல் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததும் தர்றேன். அவரு படகு கரை சேரட்டும், அப்புறம் நீ எடுத்துக்க."

வாக்குன்னா வாக்கு. கை குடுத்துக்கிட்டோம்.

போன அன்னிக்குக் காலையில சேத்துலருந்து அவளைக் கிளப்பவே பெரும்பாடா போச்சு. லார்க்கைச் சொல்றேன், மேவிஸை இல்ல. பம்ப்பை வெச்சுத் தண்ணிய இறைச்சு இறைச்சு, என் படகால இழுத்து இழுத்து, ஒரு வழியா ஏப்பம் விட்டுட்டு எழுந்து மிதந்துச்சு. நான் முன்னாடி என் படகை ஓட்டுறேன், பின்னாடி கயித்துல லார்க், அதோட சுக்கானைப் புடிச்சுக்கிட்டு மேவிஸ். தலையில பின்னல் தொப்பி, கையில நகப்பூச்சு. தரையில பொறந்து வீட்ல வளர்ந்தவ, கடைசி வரைக்கும் கரைக்காரிதான் அவ.

வழியில டீ போட நிறுத்துனப்போ என் அறைக்குள்ள வந்தா. அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்த டப்பாவை எடுத்தாலும் திறக்க மாட்டா, காதுகிட்ட கொண்டு போய் ஆட்டிப் பார்ப்பா. என் சர்க்கரை டப்பாவை அப்படி ஆட்டுனா.

"திறந்துதான் பாரேன், உள்ள பாம்பா இருக்கு?"

"சத்தமே சொல்லிடும், எதுக்குத் திறக்கணும். இன்னும் மூணு கரண்டி இருக்கும்."

திறந்து பார்த்தேன். மூணு கரண்டிதான் இருந்துச்சு. அதுக்கும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

"ஹொரேஸ் எங்க? கொண்டு வந்தியா இல்லையா?" அப்படின்னேன்.

"கொண்டாந்திருக்கேன். பத்திரமா இருக்காரு. நீ படகை ஓட்டு."

ரஸ்ஸல் பட்டறைக்கு முன்னாடி கடைசியா ஒரே ஒரு மதகுத்தொட்டி. மேல்மட்டத்துக் கால்வாய்லருந்து கீழ்மட்டத்துக்குப் படகை இறக்குற தொட்டி, ரெண்டு பக்கமும் செங்கல் சுவர், முன்னும் பின்னும் கதவு. ஒரு நேரத்துக்கு ஒரு படகுதான் நுழையும், அதுவும் சுவருக்கும் படகுக்கும் நடுவுல உள்ளங்கை நுழையுற அளவு இடம். முதல்ல என் படகை இறக்கிக் கீழ கட்டிட்டு வந்தேன். அப்புறம் லார்க்கை ரெண்டு பேரும் கயித்தால கையாலேயே இழுத்து உள்ள விட்டோம். மேல் கதவைச் சாத்தியாச்சு. மேவிஸ் கீழ்க் கதவு மேல நின்னு, கைப்பிடியைப் போட்டுச் சுத்தி, தண்ணி வெளிய போற ஷட்டரைத் தூக்குனா. தண்ணி இறங்க ஆரம்பிச்சுது. நான் இந்தப் பக்கம் கயித்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

அப்பவாவது வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ரெண்டு பேராலயும் முடியல.

"சர்ச்சுப் பாதிரியம்மாகிட்ட பேசி வெச்சுட்டேன், ஞாயித்துக்கிழமையே புதைச்சுடலாம். அம்மா சந்தோஷப்படுவா" அப்படின்னேன் நான்.

"உங்கம்மா!" அங்கருந்தே கத்துனா. "ஒரு நாளாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாளா உங்கம்மா? 'அந்தக் கரைக்காரி'தானே! கல்யாணத்தன்னிக்கே என்னைப் பார்த்து, 'இது மழை பெய்ஞ்சா ஓடிடும்'னா."

"ஓடலைல்ல? அப்புறம் என்ன?"

"செத்தும் புருஷனைப் புடுங்கிக்கிறாளே, அதுதான் என்ன!"

"ஏய், எங்கம்மாவைப் பத்தி…"

க்ரீச்சுனு ஒரு சத்தம். பல்லு கூசுற சத்தம். திரும்பிப் பார்த்தா லார்க் ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்குது. அந்தப் பக்கம் தண்ணியோட இறங்கிடுச்சு, என் பக்கம் இறங்கல. சுவருக்கும் படகுக்கும் நடுவுல ஒரு பழைய கார் டயர் இறுகி மாட்டியிருக்கு.

ஐயோ! எங்க ஆளுங்க எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், தொட்டிக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி பக்கவாட்டுல தொங்குற டயரை எல்லாம் மேல தூக்கிப் போட்டுடணும்னு. கரையில கட்டும்போதுதான் அது வேணும். தொட்டிக்குள்ள அது ஆப்பு.

"யாருடி டயரைத் தொங்கவிட்டது?"

"நான்தான்! அங்க பலகை இத்துப்போயிருக்கு, சுவர்ல உராயக் கூடாதேன்னு…"

"ஷட்டரை இறக்கு! இறக்கு, இறக்குடி!"

இறக்குனா. ஆனா நேரம் போயிடுச்சு. டயர் கட்டியிருந்த கயிறு அறுந்துச்சு. எழுபதடிப் படகு மொத்தமா தடால்னு தண்ணியில விழுந்துச்சு. விழுந்த வேகத்துல தண்ணி எம்பி மேவிஸ் நின்ன கதவுல போய் மோதுச்சு. அவ கதவுக் கம்பியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா, முகத்துல ரத்தமே இல்ல. கரையில ஒரு புருஷன் பொண்டாட்டி, நாய் ஒண்ணு, சிப்ஸ் தின்னுக்கிட்டு வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்த ஆளு வாய்க்குப் போன சிப்ஸ் அப்படியே நின்னுபோச்சு.

அப்புறம் லார்க்ல இருந்த பம்ப் குழாய் வழியா கை மொத்தத்துக்குத் தண்ணி கொட்ட ஆரம்பிச்சுது. உள்ள இறங்கிப் பார்த்தேன். பக்கப் பலகை ரெண்டுக்கும் நடுவுல இருந்த சந்து பிளந்துக்கிச்சு. ஒரு கை நீளத்துக்குப் பிளவு, அது வழியா தண்ணி வாய்க்கால் மாதிரி உள்ள வருது. பம்ப் இறைக்கிறதைவிட வேகமா வருது.

தொட்டிக்குள்ளேயே முங்குனா கதை முடிஞ்சுது. வழியை அடைச்சுக்கிட்டு கிடக்குற படகைக் கால்வாய்க்காரங்க துண்டு துண்டா வெட்டித்தான் எடுப்பாங்க. நான் கத்த, மேவிஸ் மறுபடி ஷட்டரைத் தூக்க, மிச்சத் தண்ணி இறங்க, கதவைத் திறந்து ரெண்டு பேரும் பேய் புடிச்ச மாதிரி இழுத்து, லார்க்கை வெளிய கொண்டாந்து கீழ்க் கரையில சேர்த்தோம். சிப்ஸ்கார ஆளு போனை நீட்டிப் படம் புடிக்க ஆரம்பிச்சான்.

"ஏம்ப்பா, சினிமாவா காட்டுறோம் இங்க? வந்து கயித்தைப் புடி!" அப்படின்னேன். பாவம், புடிச்சான்.

இனி செய்ய வேண்டியது ஒண்ணுதான். மரப் படகு ஒழுகுனா வெளிப்பக்கத்துலருந்து அடுப்புச் சாம்பலைக் கொட்டணும். நீளக் கம்புல ஒரு தகர டப்பாவைக் கட்டி, சாம்பலை நிரப்பி, தண்ணிக்கடியில ஒழுகுற சந்துகிட்ட கொண்டு போய்க் கவுக்கணும். உள்ள ஓடுற தண்ணியே சாம்பலை இழுத்துட்டுப் போய்ச் சந்துல திணிச்சு அடைச்சுடும். மேல க்ரீஸைப் பூசிட்டா ஒரு நாள் தாங்கும். எங்கப்பா பண்ணுவாரு, அவரைப் பார்த்து ஹொரேஸ் பண்ணுவான். வேற யாரு இறங்குறது? மேவிஸ் இடுப்பெலும்பு மாத்துன ஆளு. நான் கோட்டைக் கழட்டிப் போட்டுட்டுத் தண்ணியில இறங்கிட்டேன். அக்டோபர் மாசக் கால்வாய்த் தண்ணி. இடுப்பு வரைக்கும். அம்மாடி, வாயில வந்த வார்த்தையை இங்க சொல்ல முடியாது. கரையில நின்ன நாய்கூடக் குரைக்குறதை நிறுத்திடுச்சு.

என் படகுல ஒரு வாளி கரிச்சாம்பல் இருந்துச்சு. மேவிஸ் எடுத்து நீட்ட நீட்ட, நான் டப்பா டப்பாவா கொட்டுனேன். பாதிச் சந்து அடைஞ்சுது. வாளி காலி.

"இன்னும் கொடு!"

"அவ்வளவுதான் டோரீன். இல்ல."

"அடுப்பைச் சுரண்டு!"

"சுரண்டிட்டேன்."

லார்க்கோட பின்பக்கம் கண்ணு முன்னாடியே கீழ போய்க்கிட்டு இருக்கு. சுக்கான் கட்டை வரைக்கும் தண்ணி. எனக்குக் கால் மரத்துப்போச்சு, விரல் மரத்துப்போச்சு, கோவம் மட்டும்தான் சூடா இருந்துச்சு.

"என்னடி நின்னு பார்த்துக்கிட்டு இருக்கே! சாம்பல் கொடு! எந்தச் சாம்பலா இருந்தாலும் சரி, கொடு!"

அவ அசையாம நின்னா. லார்க்கைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அப்புறம் விந்தி விந்தி என் படகுக்குள்ள போய், அவ பையிலருந்து ஒரு டப்பாவை எடுத்துக்கிட்டு வந்தா. கிறிஸ்துமஸுக்கு சாக்லேட் வருமே, பெரிய வட்டத் தகர டப்பா, அது. நாங்க எல்லாரும் பனிக்காலத்துக்கு வழுக்கு வழியில தூவன்னு கொஞ்சம் சாம்பலை டப்பாவுல போட்டு வைப்போம். அதுதான்னு நினைச்சேன். கரைக்கு வந்தவ டப்பாவை நெஞ்சோட சேர்த்துப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. கொடுக்க மாட்டேங்கிறா.

"தாயே! நான் இங்க வெறைச்சுச் சாகுறேன்! அங்க நின்னு ஜெபமா பண்றே?"

குனிஞ்சு கொடுத்தா.

அந்தச் சாம்பல் வேற மாதிரி இருந்துச்சு. வெள்ளையா, நறநறன்னு, கையில எடுத்தா கனமா. "என்ன கரிடி எரிக்கிறே, இப்படி மணல் மாதிரி இருக்கு?" அப்படின்னு கேட்டேன். அவ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. சேத்தோடயும் க்ரீஸோடயும் கலந்து கொட்டுனேன். பாருங்க, அப்படியே போய்க் கச்சிதமா உக்காந்துச்சு. உள்ள ஒழுக்கு நூலாச்சு, அப்புறம் சொட்டாச்சு. நின்னுபோச்சு.

"நின்னுடுச்சு!" சிப்ஸ்கார ஆளு உள்ள எட்டிப் பார்த்துக் கத்துனான். அவன் பொண்டாட்டி கை தட்டுனா. நானும் தண்ணியில நின்னுக்கிட்டுச் சிரிச்சேன். சிரிச்சேனே! அதை நினைச்சாத்தான் இப்பவும் தூக்கிவாரிப் போடுது. கடைசியா டப்பாவைத் தண்ணியில அலசி வேற கொடுத்தேன்.

ரஸ்ஸல் பட்டறைக்கு வந்து சேர்ந்தப்போ வெளிச்சம் குறைய ஆரம்பிச்சிருந்துச்சு. பட்டறைன்னா செங்கல்ல கட்டுன ஒரு நீளப் பள்ளம். படகை உள்ள விட்டுக் கதவை அடைச்சுத் தண்ணியை வடிச்சா, படகு கட்டைங்க மேல உக்காந்துடும், கீழ போய் நடந்து பார்க்கலாம். ரஸ்ஸல் தாடிக்காரன், வயித்தைத் தள்ளிக்கிட்டு நடப்பான், ஆணோ பொண்ணோ கிழமோ குஞ்சோ எல்லாரையும் "கண்ணு"ன்னுதான் கூப்பிடுவான். எனக்கு ஒரு கம்பளியும் கையில ஒரு கப் டீயும் கொடுத்தான்.

தண்ணி வடிஞ்சதும் விளக்கை எடுத்துக்கிட்டுக் கீழ இறங்குனான். நாங்களும் இறங்குனோம். அந்தச் சந்துகிட்ட வந்து நின்னு, விரலால தட்டிப் பார்த்தான்.

"இது யாரு அடைச்சது கண்ணு? சிமென்ட் கணக்கா இருக்கே!"

"நான்தான்" அப்படின்னேன். பெருமையா சொன்னேன், சொல்லாம என்ன. "சரி மேவிஸ், உன் படகு கரை சேர்ந்துடுச்சு. என் அண்ணனைக் கொடு."

அவ அந்தச் சந்தையே பார்த்துக்கிட்டு நின்னா.

"என்ன, வாக்குக் கொடுத்தது மறந்துபோச்சா? ஊதா ஜாடி எங்க?"

"அந்த ஜாடி அசிங்கமா இருந்துச்சுன்னு போன வாரம்தான் மாத்துனேன்" அப்படின்னா மெதுவா. "அவருக்குப் புடிச்ச சாக்லேட் டப்பாவுல."

எனக்கு உடனே புரியல. கப்பை வாய்கிட்ட கொண்டு போனவ அப்படியே நின்னேன். அவ கையைத் தூக்கி அந்தச் சந்தைக் காட்டுனா. விளக்கு வெளிச்சத்துல வெள்ளை வெள்ளையா தெரியுது. கை நீளத்துக்கு.

கப்பு கையிலருந்து விழுந்து உடைஞ்சுது. விழுந்ததுகூட எனக்குத் தெரியல, ரஸ்ஸல்தான் அப்புறம் சொன்னான். காதுக்குள்ள ஒரே இரைச்சல். என் ரெண்டு கையையும் பார்த்தேன். நகக்கண்ணுல இன்னும் வெள்ளையா ஒட்டியிருக்கு. நான் மண்ணோட கலந்தேனே, க்ரீஸைப் போட்டுப் பிசைஞ்சேனே! 'என்ன கரிடி'ன்னு கேட்டேனே! எதுல தொடைக்கிறதுன்னு தெரியாம ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிக்கிட்டே நின்னேன்.

"என் கையால… என் கையால கொட்ட வெச்சுட்டியே, பாவி!"

"எந்தச் சாம்பலா இருந்தாலும் சரின்னு நீதானே கேட்டே."

"அதுக்கு? அதுக்கு அண்ணனையாடி எடுத்துக் கொடுப்பாங்க?"

"பின்ன என்ன பண்ணச் சொல்றே!" அப்பதான் அவ வெடிச்சா. "கண்ணு முன்னாடி முங்குது! ஆஸ்பத்திரியில கடைசி வாரம் என்னைத் தெரியல அவருக்கு, உன்னைத் தெரியல. லார்க் எப்படி இருக்குன்னு கேட்டாரு. தினம் கேட்டாரு. அவரே அங்க நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பாரு? 'சாம்பல் இருக்குல்ல, கொட்டு, வேடிக்கை பார்க்காதே'ன்னு சொல்லியிருக்க மாட்டாரு? சொல்லு! சொல்லியிருக்க மாட்டாரா?"

ஹொரேஸ் அப்படியேதான் சொல்லியிருப்பான், அதே குரல்ல. ஈரத்தரைன்னுகூடப் பார்க்காம உக்காந்துட்டேன். ரஸ்ஸல் தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டுப் பேயறைஞ்ச மாதிரி நின்னான்.

அப்புறம் அவன் தொண்டையைச் செருமுனான். "சொல்லாம இருக்கவும் முடியாது கண்ணு. இந்த ரெண்டு பலகையும் உளுத்துப்போச்சு. மாத்தியே ஆகணும். வழக்கமா பழசை அறுத்து அடுப்புல…"

"இன்னொரு தடவை எரிக்கப் போறியா எங்கண்ணனை!" அப்படின்னு எழுந்தேன் பாருங்க, அவன் ரெண்டடி பின்னாடி போயிட்டான்.

மேவிஸ் என் தோள்ல கை வெச்சா.

"சந்தோட சேர்த்து அறுத்து எடுங்க ரஸ்ஸல். மேல் பலகையும் கீழ்ப் பலகையும் பிரியாம, அப்படியே ஒரு துண்டா. இவகிட்ட கொடுங்க." என் பக்கம் திரும்புனா. "பட்டறைக்கு வந்ததும் தர்றேன்னு சொன்னேன்ல. வந்தாச்சு. எடுத்துக்க."

ஞாயித்துக்கிழமை ஹேசல்கோட்ல பாதிரியம்மாவுக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு. அங்கியெல்லாம் போட்டுக்கிட்டுப் புத்தகத்தோட நிக்கிறாங்க. ரெண்டு கிழவிங்க ஆளுக்கொரு முனையைப் புடிச்சுக்கிட்டு, தார் ஒழுகுற பலகையைத் தூக்கிக்கிட்டு வர்றோம்.

"சாம்பல் எங்கம்மா?"

"இதுக்குள்ள" அப்படின்னேன்.

நடந்ததைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, புத்தகத்தைப் பார்த்தாங்க, பலகையைப் பார்த்தாங்க. "இதுக்குத் தனியா ஜெபம் எதுவும் இல்ல. இருக்குறதையே சொல்றேன்" அப்படின்னாங்க.

அடுத்த சங்கடம். குழி வெட்டுனவன் ஜாடி வருதுன்னு ஜாடி அளவுக்கு வெட்டி வெச்சிருக்கான். பலகை படுக்க மாட்டேங்குது.

"நிக்க வெச்சுடலாம்" அப்படின்னா மேவிஸ். "இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டச் சொல்லு. வாழ்நாள் பூரா சுக்கானைப் புடிச்சுக்கிட்டு நின்னவருதானே."

அது எனக்குச் சரின்னு பட்டுச்சு. அவ சொன்னதுல எனக்குச் சரின்னு பட்ட முதல் விஷயம் அதுதான்னு நினைக்கிறேன். அவன் வெட்டிக்கிட்டு இருக்குறப்போதான் கவனிச்சேன், அவ கைப்பையில ஏதோ வட்டமா புடைச்சுக்கிட்டு இருக்கு.

"அதுல என்ன?"

"ஒண்ணுமில்ல. டப்பா."

"அந்த டப்பாவா? உள்ள?"

"உள்ள ஒண்ணுமில்ல டோரீன். நீதான் நல்லா அலசிக் கொடுத்துட்டியே."

"வெறும் டப்பாவை எதுக்குத் தூக்கிக்கிட்டு வந்தே?"

"வீட்ல தனியா வெச்சுட்டு வர மனசு வரல" அப்படின்னா. அழல. சும்மா, மழை வருமான்னு கேட்டா சொல்ற மாதிரிச் சொன்னா.

அன்னிக்குப் பட்டறையில வந்த அதிர்ச்சி பெருசுன்னு நினைச்சேன். இது அதைவிடப் பெருசு. ஒரு வருஷமா நான் போய்ப் போய்க் கத்துனேனே, கொடு கொடுன்னு. ஒரு சிட்டிகை எடுத்து ஒளிச்சு வெச்சுக்கிட்டிருக்கலாம் இவ. முழுசையும் படகுக்குக் கொடுத்துட்டா, படகுலருந்து வந்ததை முழுசா எனக்குக் கொடுத்துட்டா. அவளுக்குன்னு எதையும் வெச்சுக்கணும்னுகூட அவளுக்குத் தோணல. எனக்கும் தோணல. எங்கம்மா கல்லறைக் கல்லைப் பார்க்க எனக்கு அப்போ வெக்கமா இருந்துச்சு.

"ஒரு நிமிஷம் இருங்க" அப்படின்னு பாதிரியம்மாகிட்ட சொன்னேன். பலகையைக் கீழ வைக்கச் சொல்லி, என் படகுச் சாவியை எடுத்து, சந்துல குத்திச் சுரண்ட ஆரம்பிச்சேன். ரஸ்ஸல் சொன்னது சரி, சிமென்ட் மாதிரிதான் இருக்கு. சாவி வளைஞ்சுது. குழி வெட்டுனவன் பேசாம அவன் கத்தியை நீட்டுனான்.

"என்ன பண்றே டோரீன்? விடு, உங்கம்மா…"

"எங்கம்மாவுக்கு இது போதும். நீ டப்பாவைத் திற."

திறந்து புடிச்சா. சுரண்டுனதை, மண்ணும் தாரும் வெள்ளையுமா, எது எதுன்னு பிரிக்க முடியாம, ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டேன். மூடியை நானே அழுத்தி மூடுனேன்.

மேவிஸ் டப்பாவைக் காதுகிட்ட கொண்டு போனா. கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை ஆட்டிப் பார்த்தா.

சத்தம் எனக்கும் கேட்டுச்சு.